காணாத கடையில் கார் சாமான்

ஜப்பானிலும் சார்ஜாவிலும் இருக்கும் தரகரிடம் உதிரிப்பாகம் வாங்கும்போது நாம் உண்மையில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

இலங்கை வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி இலங்கைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டொயோட்டா ஆக்குவா, ஹொண்டா ஃபிட், வெசல், சுசுகி வெகன் ஆர் என்று நாள்தோறும் காணும் வண்டிகள் ஜப்பானியர் தங்கள் நாட்டில் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. அங்கே சில வருடம் ஓடி, ஏலத்தில் கைமாறி, கப்பலேறி இங்கே இறங்கியவை. ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி நாம் ஆசையோடு வாங்கும் அந்தக் காருக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு வேறு. ஒரு முன்விளக்கு உடைந்தாலும், ஒரு கதவுக் கண்ணாடி முறிந்தாலும் பிறந்த வீட்டைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வேறு நாடுகளில் இந்த நிலை இவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆக்குவா வெளிநாடுகளில் ப்ரியஸ் சி என்ற பெயரிலும், வெசல் எச்ஆர்-வி என்ற பெயரிலும் விற்கப்பட்டன. அந்நாட்டு முகவரிடம் அந்த வண்டிக்கான பாகப்பட்டியல் இருக்கும். ஜப்பானிய உள்ளூர் வண்டியின் பாகங்களில் பல அந்தப் பட்டியலில் இராது. வெகன் ஆரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் மாருதி விற்பதும் வெகன் ஆர்தான், நம்மூரில் ஓடும் ஜப்பானியதும் வெகன் ஆர்தான். ஆனால் ஜப்பானியது 660 சிசி எஞ்சின் கொண்ட சிறுரகக் கார். அந்நாட்டுச் சட்டப்படி நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டக் கூடாது. இந்திய வண்டிகளில் இருப்பது 1 லீற்றர், 1.2 லீற்றர் எஞ்சின், உடலும் வேறு. சென்னையில் இருக்கும் மச்சானிடம் சொல்லி பொனட் எடுப்பித்தால் அது இங்கே பூட்டுப்படாது.

இந்த இடைவெளியில்தான் தரகர் வருகிறார்.

கொழும்பு மருதானையை ஒட்டியிருக்கும் பஞ்சிகாவத்தை, கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த தெரு. ஒரு கடையில் கியர்பொக்ஸ், அடுத்ததில் விளக்குகள், அதற்கடுத்ததில் ஒரே ஒரு கொம்பனியின் சாமான்கள் மட்டும் என்று பிரிந்து கிடக்கும். அங்கே வாங்கும்போதும் நாம் தரகர் வழியாகத்தான் வாங்குகிறோம். ஜப்பானில் கழற்றிய பாகங்களைக் கொள்கலனில் ஏற்றி அனுப்புபவரும், இங்கே அதை இறக்கி அடுக்குபவரும் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. கடைக்காரர் தன் முதலைப் போட்டு, பிழையான சாமானின் நட்டத்தையும் தானே தாங்கி, அதற்கும் சேர்த்து விலை சொல்கிறார். கைபேசி வந்தபின் கார்க்காரரே அந்தத் தரகரோடு நேரடியாகப் பேசத் தொடங்கினார். விலை குறைந்தது. கடைக்காரர் தாங்கிய நட்டம் இப்போது கார்க்காரரின் தலையில் இறங்கியிருக்கிறது. இந்த மாற்றத்தை அறியாமல் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே நாடு திருத்தித் திருத்தி ஓட்டியது. இடையில் 2022 வந்தது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. வங்கிகளில் கடன்கடிதம் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த நாட்களில்தான் லண்டனில் இருக்கும் அக்கா, டொரொண்டோவில் இருக்கும் சித்தப்பா, துபாயில் வேலை செய்யும் ஊர்ப் பொடியன் என்று எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உதிரிப்பாகத் தரகர்கள் ஆனார்கள். அவசரத்துக்குப் பழகிய அந்த வழி அவசரம் தீர்ந்த பின்னும் நிலைத்துவிட்டது.

யார் இந்தத் தரகர்?

ஜப்பானில் மூன்று வகையினரைச் சொல்லலாம். முதலாவது, இணைய ஏலத்தில் நமக்காகக் கை தூக்கும் நிறுவனங்கள். யாஹூ ஜப்பான் ஏலத்தளத்தில் பழைய கார் பாகங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன; ஆனால் ஏலம் கேட்க ஜப்பானியத் தொலைபேசி எண்ணும் முகவரியும் வேண்டும், விற்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். பையி, சென்மார்க்கெட் போன்ற நிறுவனங்கள் நம் பெயரில் வாங்கி, தங்கள் களஞ்சியத்தில் வைத்து, பிறகு அனுப்பித் தருகின்றன. ஒரு பொருளுக்கு அவர்கள் எடுக்கும் கூலி சில நூறு யென்தான். ஆனால் அவர்கள் கார் தெரிந்தவர்கள் அல்லர். நீங்கள் காட்டிய பொருளை வாங்குவார்கள். அது உங்கள் காருக்குப் பொருந்துமா என்று பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

இரண்டாவது வகையினர் அங்கே குடியேறி, பழைய கார் பிரிக்கும் தொழிலில் இருக்கும் இலங்கையரும் பாகிஸ்தானியரும் மற்றவர்களும். சொந்தமாக யார்ட் வைத்திருப்பார்கள், அல்லது யார்ட்காரர்களைத் தெரிந்திருப்பார்கள். கையில் சாமானை எடுத்துப் பார்க்கக்கூடியவர்கள் இவர்களே. மூன்றாவது வகையினரிடம் யார்ட்டும் இல்லை, களஞ்சியமும் இல்லை. கைபேசி மட்டும் இருக்கும். ஏலத்தளத்தில் இருக்கும் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணை, சாமான் என்ர கையில நிக்குது, நாளைக்கு வேற ஆக்கள் எடுத்திடுவினம்” என்று அவசரப்படுத்துவார்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. உங்கள் பெயரையும் இன்றைய திகதியையும் ஒரு கடதாசியில் எழுதி, சாமானோடு சேர்த்து வைத்து, பாக எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். கையில் சாமான் இருப்பவருக்கு இது சில நிமிட வேலை. இல்லாதவர் ஏதாவது சாட்டுச் சொல்வார்.

வளைகுடாவில் கதை வேறு. சார்ஜாவின் கைத்தொழில் பேட்டைகளில் பழைய பாகங்களுக்கென்றே தெருத்தெருவாகக் கடைகள் உண்டு. துபாய் தெய்ராவில் புதிய பாகங்களின் மொத்த வியாபாரம் நடக்கிறது. தமிழும் மலையாளமும் பேசும் ஆட்கள் கிடைப்பார்கள், பேச்சு இலகு. ஆனால் அந்த நாடுகளில் கார் வீதியின் வலப்பக்கமாக ஓடுகிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. எஞ்சின் பாகங்கள் பல பொருந்தலாம். ஸ்டியரிங் ரக், டாஷ்போர்ட், துடைப்பான் இணைப்புகள் பொருந்தாது. முன்விளக்கு பூட்டுப்படும், எரியும், ஆனாலும் பிழையானது. இடப்பக்கம் ஓடும் நாட்டில் முன்விளக்கின் ஒளி வீதியின் இடது ஓரத்துக்கு உயர்ந்து விழும்படி அமைந்திருக்கும். எதிரே வருபவரின் கண்ணில் படாது. வளைகுடா வண்டியின் விளக்கு இதற்கு நேர்மாறு. ஏ-9 வீதியில் இரவில் எதிரே வரும் லொறிக்காரரின் கண்ணில்தான் அது போய் விழும். ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளையும் சார்ஜாவில் பிரிக்கிறார்கள். அவற்றிலிருந்து எடுத்ததா என்று கேட்காமல் அங்கே விளக்கு வாங்கக் கூடாது.

சாதகம் பார்க்காமல் சம்பந்தம் இல்லை

நம்மவர்கள் தரகரிடம் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான்: “ஆக்குவா 2014, முன் லைட், லெஃப்ட், என்ன விலை?” இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லை. ஆக்குவா ஜப்பானில் 2011 டிசெம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் முதல் தலைமுறையிலேயே ஹலோஜன் விளக்கும் உண்டு, எல்இடி விளக்கும் உண்டு. இடையில் முகத்தோற்றமும் மாறியது. ஒரே வருடத்தில் செய்த இரண்டு கார்களுக்கு இரண்டு விதமான விளக்கு இருக்கலாம்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு சாதகம் இருக்கிறது. ஜப்பானிய உள்ளூர் வண்டிகளில் மற்ற நாடுகளில் போல 17 இலக்க அடையாள எண் கிடையாது. மாதிரிக் குறியீடும் அதன்பின் வரிசை எண்ணும் கொண்ட சட்ட எண் (சேசிஸ் நம்பர்) இருக்கும். ஆக்குவா என்றால் என்எச்பி10 என்று தொடங்கும். மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் இசட்விடபிள்யூ30, ஃபிட் ஹைபிரிட் ஜிபி5, வெகன் ஆரில் எம்எச்34எஸ், எம்எச்44எஸ், எம்எச்55எஸ் என்று பல. இந்த எண்ணோடு முழு மாதிரிக் குறியீடு, நிறக்குறியீடு, உள்ளலங்காரக் குறியீடு எல்லாம் காரில் பதித்திருக்கும் சிறு தகட்டில் இருக்கும். டொயோட்டாவில் 070 என்று இருந்தால் அது முத்து வெள்ளை. அந்தத் தகட்டைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால், பாகப்பட்டியலைப் பார்க்கத் தெரிந்த தரகர் உங்கள் காருக்குரிய பாக எண்ணைச் சொல்லிவிடுவார்.

டொயோட்டாவின் பாக எண் பத்து இடம் கொண்டது, ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள். முதல் ஐந்து அது என்ன பாகம் என்று சொல்லும். அடுத்த ஐந்து எந்த வண்டிக்கு, எந்த வகைக்கு என்று சொல்லும். 81110 வலது முன்விளக்கு, 81150 இடது முன்விளக்கு, 52119 முன் பம்பர். முதல் ஐந்து மட்டும் ஒத்துப்போனால் போதாது. இதற்கு மேல் விளக்குகளில் இன்னொரு அடையாளமும் உண்டு: கொய்டோ, ஸ்டான்லி போன்ற உற்பத்தியாளரின் பெயரோடு ஒரு எண்ணை லென்ஸின் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். உடைந்த பழைய விளக்கில் இருக்கும் எண்ணும், தரகர் அனுப்பும் படத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே உடைந்த சாமானை எறிந்துவிடாதீர்கள். புதியது வந்து பூட்டிமுடியும் வரை அதுதான் உங்கள் சாட்சி.

எலெக்ட்ரோனிக் பெட்டிகள் இன்னும் கவனம் தேவைப்படுபவை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியைப் பழைய காரிலிருந்து எடுத்துவந்தால், அது அந்தக் காரின் சாவியை மட்டுமே அடையாளம் காணும்படி பதிவாகியிருக்கலாம். எண் ஒத்துப்போகும், பிளக் ஒத்துப்போகும், கார் ஸ்டார்ட் ஆகாது. மீளப் பதிவு செய்யக்கூடியவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டே ஓர்டர் கொடுக்க வேண்டும்.

பொருந்தாததை எப்படியாவது பொருத்தி ஓட்டுவதற்கு வடக்கில் ஒரு தனி வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோலும் இல்லை, சாமானும் இல்லை என்றிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள், இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து வெட்டிப் பொருத்தினார்கள். அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். அது ஒரு சமூகத்தை நகர வைத்தது. “எப்பிடியும் பூட்டலாம்” என்று நம் கராஜ்களில் இன்றும் கேட்கும் சொல் அந்தக் காலத்தின் பெருமை. ஆனால் 144 வோல்ட் பற்றரியும் பத்துப் பதினைந்து கணினிப் பெட்டிகளும் கொண்ட வண்டியில் வெட்டிப் பொருத்த இடமில்லை. தரகர் அனுப்பிய பிழையான சாமானை எப்படியாவது பூட்டச் சொல்லி மெக்கானிக்கை வற்புறுத்துபவர்கள் இதை நினைக்க வேண்டும்.

காசு எங்கே கரைகிறது?

ஒரு விளக்கு 10,000 யென் என்று தரகர் சொல்கிறார் என்று வைப்போம். அதன் மேல் ஜப்பானுக்குள் விற்பவர் வீட்டிலிருந்து களஞ்சியத்துக்கு ஏற்றுகூலி, பொதி செய்யும் கூலி, தரகரின் கொமிஷன், வங்கிக் கட்டணம், கப்பல் அல்லது விமானக் கூலி, இங்கே சுங்கத் தீர்வைகள், பெறுமதி சேர் வரி, கிளியரிங் ஏஜெண்டின் கூலி. பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரி முதல் 18 வீதம். அதுவும் சாமான் விலைக்கு மட்டுமல்ல, ஏற்றுகூலியும் காப்புறுதியும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் பஞ்சிகாவத்தை விலையோடு ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

தரகர்கள் வாய்திறந்து சொல்லாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நாணய மாற்று. 2024 ஜூலையில் ஒரு டொலருக்கு 160 யென்னுக்கும் மேல் கொடுத்தார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன் 110 யென் அளவில்தான் இருந்தது. சாமானை யென்னில் வாங்கி, உங்களிடம் டொலரில் கேட்கும் தரகர் எந்த மாற்று விகிதத்தைப் போட்டார் என்று கேட்டால் போதும், கொமிஷனை விடப் பெரிய தொகை அங்கே ஒளிந்திருப்பது சிலவேளை தெரியவரும். மற்றது ஜப்பானின் 10 வீத நுகர்வு வரி. ஏற்றுமதிப் பொருளுக்கு அந்த வரி இல்லை. பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் கடையில் வரியோடு வாங்கிய சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பினால், கட்டிய வரியை அரசிடம் திரும்பப் பெற வழி உண்டு. அந்தத் தொகையில் உங்களுக்கும் ஒரு பங்கு கேட்பது தவறில்லை. கேட்கத் தெரிந்தவருக்கு விலை குறைகிறது.

ஏற்றுகூலியில் பலர் திகைத்துப் போவது பம்பரில். முன் பம்பரின் நிறை சில கிலோகிராம்தான். ஆனால் விமானக் கூரியர் கொம்பனிகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோகிராமாக எடுத்துக்கொள்வார்கள். 175, 60, 40 என்ற அளவில் ஒரு பெட்டி 84 கிலோகிராமாகிவிடும். பம்பர், பொனட், கதவு போன்றவற்றுக்குக் கப்பலைத் தவிர வேறு வழி இல்லை. பலருடைய சாமானைச் சேர்த்துக் கொள்கலனில் அனுப்பும் தரகர் இங்கேதான் பயன்படுகிறார். காத்திருக்கப் பல கிழமை எடுக்கும். பொறுமை இல்லாதவர் பஞ்சிகாவத்தைக்குப் போவதே மேல்.

பட்டியலில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன், சுங்கத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். சுங்க அதிகாரி பெறுமதியை ஏற்காமல் தானே கணித்தால் தண்டமும் சேரும். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ காப்புறுதி அந்தப் பட்டியலில் உள்ள விலைக்கு மேல் தராது. 50,000 ரூபாய் சாமானை 5,000 என்று எழுதுவித்தவர் 5,000 ரூபாய்க்குத்தான் உரிமை கோரலாம்.

பணம் அனுப்பும் வழியும் இதோடு சேர்ந்தது. உண்டியலில் போகும் காசுக்குச் சட்டமும் துணையில்லை, சாட்சியும் இல்லை. வங்கி வழியாக அனுப்பும்போது கணக்கின் பெயரும் பட்டியலில் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பேச்சு முடிந்து, விலை பேசி, கடைசி நேரத்தில் “கணக்கு எண் மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். இடையில் யாரோ மின்னஞ்சலுக்குள் புகுந்து கணக்கை மாற்றும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. தரகர் நல்லவராக இருந்தாலும் உங்கள் காசு போய்விடும். பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும்.

வோல்ட் மீற்றர் சொல்லாத உண்மை

ஹைபிரிட் பற்றரி தனிக் கதை. ஆக்குவாவின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரியில் 7.2 வோல்ட் கொண்ட 20 பகுதிகள், மொத்தம் 144 வோல்ட். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 28 பகுதிகள், 201.6 வோல்ட். தரகர் ஒவ்வொரு பகுதியிலும் மீற்றரை வைத்து வீடியோ அனுப்புவார். எல்லாம் ஏழு வோல்டுக்கு மேல் காட்டும். பார்த்தவருக்கு நிம்மதி வரும். ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட் பற்றரியின் உயிரைச் சொல்லாது. சுமை ஏற்றும்போது எந்தப் பகுதி முதலில் விழுகிறது, எவ்வளவு கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. யார்ட்டில் மாதக்கணக்கில் கிடந்த பற்றரி தானாகவே மின்னை இழந்து தளர்ந்திருக்கும். சுமைச் சோதனை முடிவும், எந்தக் காரிலிருந்து எப்போது கழற்றியது என்ற விபரமும் இல்லாமல் பழைய பற்றரியைக் கடல் கடந்து வாங்குவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்க முன் செய்யவேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. இதற்குக் காசு செலவில்லை. 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட்டை அடுத்த வருடம் ஒக்டோபருக்குள் ஐந்து தடவை ஹொண்டா திருத்தத்துக்கு அழைத்தது. இரட்டைக் கிளச் கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் அதில் அடங்கும். ஜப்பானில் இருந்த உரிமையாளருக்குக் கடிதம் போயிருக்கும். கப்பலேறிவிட்ட காரின் உரிமையாளருக்கு யார் கடிதம் போடுவது? ஹொண்டாவும் டொயோட்டாவும் தங்கள் ஜப்பானிய இணையத்தளங்களில் சட்ட எண்ணைப் போட்டால் அந்த வண்டிக்குத் திருத்த அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று காட்டுகின்றன. நல்ல தரகர் ஜப்பானிய மொழியில் இதைப் பார்த்துச் சொல்வார். மென்பொருள் கோளாறுக்காகப் பழைய கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டும் கொடுமையை இது தடுக்கும்.

எயார்பேக்: வாங்கவே கூடாதது

எதை விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. விபத்தில் விரிந்துபோன எயார்பேக்குக்குப் பதிலாகத் தரகரிடம் பழையதை வாங்கிப் பூட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஜப்பானின் தகாதா கொம்பனி செய்த எயார்பேக்குகள் வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய மீளழைப்புக்குக் காரணமாயின. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி ஊதுகலன்கள் அதில் அடங்கும். அவற்றில் பையை ஊதுவதற்குப் பயன்பட்டது அமோனியம் நைட்ரேட். நீண்டகாலம் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது சிதைந்து, விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கலனையே துண்டு துண்டாக்கி ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் எறிந்தது. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் உயிர்கள் போயின. 2017 ஜூனில் அந்தக் கொம்பனி வங்குரோத்தானது. வெப்பமும் ஈரப்பதமும்தான் அதன் நஞ்சு என்றால், வருடம் முழுவதும் அவை இரண்டும் குறையாத நம் நாட்டைவிட மோசமான இடம் எது? யார்ட்டில் கழற்றிய ஸ்டியரிங் எயார்பேக் மீளழைப்பில் அடங்கியதா, வெள்ளத்தில் நனைந்த காரிலிருந்து வந்ததா என்று பையைப் பார்த்துச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

புதிது என்று மலிவாகக் கிடைப்பது இன்னும் ஆபத்து. 2024 ஜூலையில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட கார்களில் பூட்டிய மலிவான மாற்று ஊதுகலன்களால் மூவர் இறந்ததாக எச்சரித்தது. உயிர் தப்பியிருக்க வேண்டிய விபத்துகள் அவை.

எயார்பேக்கும், விபத்தில் இழுத்துப் பிடிக்கும் வகை ஆசனப்பட்டியும் சர்வதேசப் போக்குவரத்தில் ஆபத்தான பொருட்கள், ஐ.நா. பட்டியலில் 3268 என்ற எண் கொண்டவை. தபாலில் ஏற்க மாட்டார்கள். கூரியரில் உரிய சான்றில்லாமல் போகாது. ஆகவே “கார் உள்ளலங்காரப் பாகம்” என்று பெயர் போட்டு அனுப்பித் தருகிறேன் என்று ஒரு தரகர் சொன்னால், விமானத்தில் வெடிபொருளை ஒளித்து ஏற்றச் சம்மதிக்கிறார் என்று பொருள். அவரிடம் வேறு எந்தச் சாமானும் வாங்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வசனம் போதும். எயார்பேக் வேண்டுமென்றால் சட்ட எண்ணைக் கொடுத்து, முகவர் நிறுவனத்தின் வழியாகப் புதியதாகவே வாங்க வேண்டும். விலை அதிகம். அந்த விலையைக் கொடுக்க முடியாவிட்டால், எயார்பேக் விரிந்த காரை வாங்கவே கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

பெட்டி கப்பலேறும் முன்

எனக்கு இந்த வியாபாரத்தில் வெறுப்பில்லை. யப்பான்காரன் கழித்துவிட்ட காரிலிருந்து ஒரு நல்ல ஒல்டர்னேட்டரைத் தேடி எடுத்து, துடைத்து, சரியான எண்ணோடு பொதி செய்து அனுப்பும் மனிதர் மரியாதைக்குரிய வேலை செய்கிறார். அவருக்கு நாம் கொடுக்கும் கொமிஷன் சாமானுக்கல்ல, அவருடைய கண்ணுக்கும் கைக்கும். நம்மால் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நமக்காகப் பார்த்து, உண்மையைச் சொல்வதற்கான கூலி அது. பார்க்காமலே கொமிஷன் எடுப்பவர் அந்தக் கூலிக்கு உரியவர் அல்லர்.

அவர் பார்த்தாரா என்று நாம் எப்போது அறியலாம்? பெட்டி கொழும்பில் திறக்கப்படும்போது அறிந்து பயனில்லை. ஜப்பானிய ஏலத்தில் பழைய சாமான்களைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை என்ற நிபந்தனையோடுதான் போடுகிறார்கள். இயங்குமா என்று தெரியாதவற்றை ஜங்க் என்று குறிப்பிட்டே விற்கிறார்கள். குறிப்பில் சொன்னதற்கு மாறாகப் பொருள் இருந்தால் கேட்கலாம், ஆனால் பொருள் களஞ்சியத்துக்கு வந்த சில நாளுக்குள் கேட்க வேண்டும். கப்பல் கொழும்பைத் தொடும்போது விற்றவர் காசை வாங்கி வெகுநாளாகியிருக்கும்.

அதனால் கொடுக்கல் வாங்கலை இரண்டாகப் பிரிக்கும்படி கேளுங்கள். முதலில் சாமான் விலை. அது தரகரின் களஞ்சியத்துக்கு வந்ததும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம், பாக எண், பிளக்கின் ஊசிகளின் எண்ணிக்கை, எஞ்சினோ கியர்பொக்ஸோ என்றால் அது இருந்த காரின் சட்டத் தகடும் ஓடிய தூரமும். விளக்கென்றால் பின்பக்கத்தில் இருக்கும் பூட்டுக் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று தனியாக ஒரு படம். ஏலப் படங்களில் காட்டாமல் விடப்படுவது அந்தக் காதுகள்தான். அவற்றையெல்லாம் உங்கள் மெக்கானிக் பழைய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு ஏற்றுகூலியும் கொமிஷனும். இந்த ஒழுங்குக்குச் சம்மதிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். பழைய பாகங்களில் சிலவற்றுக்கு இறக்குமதி அனுமதி தேவைப்படலாம் என்பதால், அந்த இடைவெளியிலேயே கிளியரிங் ஏஜெண்டிடம் படத்தைக் காட்டி விசாரித்துவிடலாம். பெட்டி வந்ததும் முத்திரை உடைக்கும்போதிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள். உடைவுக்குக் காப்புறுதி கேட்பதென்றால் அந்த வீடியோவைத்தான் முதலில் கேட்பார்கள்.